சிஸ்டெர்சியன் துறவிகள்: வேண்டாம் என்று சொல்லியே வளர்ந்த ஒரு சபை

கேள்வி இது: "சிஸ்டெர்சியன் துறவிகள் என்றால் பீர் காய்ச்சுகிறவர்கள் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். இடைக்கால ஐரோப்பாவில் அவர்கள் அப்படி என்ன செய்தார்கள்? இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி மன்னர் மடங்களை மூடாமல் இருந்திருந்தால் தொழிற்புரட்சி இவர்கள் கையாலேயே வந்திருக்கும் என்கிறார்களே, உண்மையா? இப்போதும் இருக்கிறார்களா?"

பீர் விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கட்டடக் கலையையோ விவசாயத்தையோ வளர்க்க வேண்டும் என்று கிளம்பியவர்கள் அல்ல இந்தக் கத்தோலிக்கத் துறவிகள். தங்கம் வேண்டாம், சிற்பம் வேண்டாம், வண்ணக் கண்ணாடி வேண்டாம், குடியானவர்கள் கட்டும் வரி வேண்டாம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனவர்கள். இன்று அவர்களுடைய பெருமையாக நாம் எண்ணுகிற பாதிக்கு மேற்பட்ட விஷயங்கள், இந்த 'வேண்டாம்'களைச் சமாளிக்க அவர்கள் செய்துகொண்ட ஏற்பாடுகள்தான். அவர்களுடைய சறுக்கலும் அங்கிருந்தே தொடங்கியது.

1098இல் பிரான்சின் பர்கண்டிப் பகுதியில், மொலேம் மடத்தின் தலைவர் ரொபேர் இருபது பேருக்குச் சற்று மேற்பட்ட துறவிகளைக் கூட்டிக்கொண்டு, சீத்தோ என்ற சதுப்புக் காட்டுக்குக் குடிபெயர்ந்தார். சிஸ்டெர்சியன் சபை தொடங்கியது இங்கேதான். அன்றைக்கு மேற்கு ஐரோப்பாவில் துறவு மடம் என்றாலே க்ளூனிதான். 910இல் தொடங்கிய அந்த மடம், இவர்கள் கிளம்பிய சமயத்தில் தன் மூன்றாவது கோயிலைக் கட்டிக்கொண்டிருந்தது. ரோமில் இப்போதிருக்கும் புனித பேதுரு பேராலயம் எழும்வரை கிறிஸ்தவ உலகில் அதைவிடப் பெரிய கோயில் கிடையாது. க்ளூனித் துறவிகளின் நாள் பெரும்பாலும் வழிபாட்டிலேயே கழிந்தது. வயிற்றுப்பாட்டைக் கிராமங்களிலிருந்து வந்த தசமபாகமும் (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு) குத்தகையும் பார்த்துக்கொண்டன. ஆனால் 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய விதிநூல் ஒரு துறவியின் நாளை ஜெபம், வாசிப்பு, உடலுழைப்பு என்று மூன்றாகப் பிரித்திருந்தது. அதில் மூன்றாவது காணாமல் போய்விட்டது என்பதுதான் ரொபேரின் ஆட்களுக்கு மனக்குறை. அங்கிக்குச் சாயம் போடுவதுகூட வீண் என்று கம்பளியை அப்படியே உடுத்தினார்கள். கருப்பு அங்கிக்காரர்கள் நடுவில் 'வெள்ளைத் துறவிகள்' என்று பெயர் விழுந்தது இதனால்தான்.

ரொபேரை மறுவருடமே திருத்தந்தை (போப்) தரப்பில் பழைய மடத்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்து அல்பெரிக், அவருக்குப் பின் இங்கிலாந்திலிருந்து வந்த ஸ்டீபன் ஹார்டிங். சபை என்றதும் எல்லாரும் பின்னால் வந்த பெர்நார்தைத்தான் சொல்வார்கள். என்னைக் கேட்டால் சபையை நிற்க வைத்தவர் ஹார்டிங். 'அன்பின் சாசனம்' என்ற ஆவணத்தில் அவர் பெரும்பங்கு வகுத்த நிர்வாக முறைக்கு 1119இல் திருத்தந்தையின் ஒப்புதல் கிடைத்தது. க்ளூனியில் எல்லா மடங்களும் ஒரே தலைவருக்குக் கீழே. ஹார்டிங் முறையில் ஒவ்வொரு மடமும் தன் காலில் நிற்கும்; பணம் எதையும் தாய் மடத்துக்குக் கட்ட வேண்டியதில்லை. ஆனால் தாய் மடத்தின் தலைவர் ஆண்டுதோறும் வந்து ஒழுக்கத்தைப் பார்வையிடுவார். வருடத்துக்கு ஒருமுறை எல்லா மடத்தலைவர்களும் சீத்தோவில் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். சீத்தோவின் தலைவரே தவறினாலும், முதல் கிளை மடங்களின் தலைவர்கள் அவரைத் தட்டிக்கேட்கலாம். நாடுகளின் எல்லை தாண்டி இவ்வளவு ஒழுங்காக இயங்கிய அமைப்பு அன்று வேறு இல்லை. 1215இல் கத்தோலிக்கத் திருச்சபையின் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் மற்றத் துறவிகளையும் இதே மாதிரி கூடிப் பேசச் சொல்லி, எப்படி நடத்துவது என்று காட்ட சிஸ்டெர்சியன்களையே துணைக்கு வைத்துக்கொள்ளச் சொன்னது.

பெர்நார்து 1113 வாக்கில் உறவினர்களும் நண்பர்களுமாகச் சுமார் முப்பது பேரைத் திரட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். 1115இல், இருபத்தைந்து வயதில், கிளேர்வோ மடத்தின் தலைவர். அவர் 1153இல் இறந்தபோது ஸ்காட்லாந்திலிருந்து போர்ச்சுகல்வரை சுமார் 350 சிஸ்டெர்சியன் மடங்கள் இருந்தன. இப்படி ஒரு வேகத்தை நம்புவதே கடினம்.

சரி, கலைக்கு வருவோம். சுமார் 1125இல் பெர்நார்து ஒரு கடிதநூலில் க்ளூனி பாணிக் கோயில்களைப் பிடி பிடி என்று பிடிக்கிறார். துறவிகள் உட்கார்ந்து படிக்கும் முற்றத்தின் தூண்களில் குரங்குக்கும் சிங்கத்துக்கும் என்ன வேலை? பாதி மனிதன் பாதி விலங்கு எதற்கு? ஒரு தலைக்குப் பல உடல், ஒரு உடலுக்குப் பல தலை, நாலுகால் பிராணிக்குப் பாம்பு வால். இதையெல்லாம் வேடிக்கை பார்த்தே ஒருவன் நாள் முழுக்கக் கழித்துவிடுவானே, வேதத்தை எப்போது தியானிப்பான்? சுவருக்குப் பொன் பூசுகிறீர்கள், ஏழை அம்மணமாக நிற்கிறான் என்று போகிறது அந்தக் கோபம். இவ்வளவு துல்லியமாகப் பட்டியல் போட வேண்டுமென்றால் அந்தச் சிற்பங்களை மனிதர் நின்று நிதானமாக ரசித்துத்தான் இருக்க வேண்டும்!

சபையும் வரிசையாகத் தடை போட்டது. சிலுவை மரத்தில்தான் இருக்க வேண்டும். கண்ணாடியில் வண்ணமும் உருவமும் கூடாது. கல்லில் மணிக்கூண்டு எழுப்பக் கூடாது. இத்தனையும் எடுத்துவிட்டால் கட்டடம் கட்டுகிறவனிடம் மிச்சம் இருப்பது கல், அளவு, வெளிச்சம், ஒலி. அந்த நான்கை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று பார்க்க பர்கண்டியின் ஃபோன்த்னே மடம் போதும். 1118இல் தொடங்கியது, கோயிலை 1147இல் அர்ப்பணித்தவர் பெர்நார்தின் சீடராக இருந்து திருத்தந்தையான மூன்றாம் யூஜின். நடுக்கூடத்தின் மேல்சுவரில் சன்னலே கிடையாது. கூர்முனை வளைவுக் கூரை ஒரே நீட்டாக ஓடும். வெளிச்சம் முன்பக்கமும் பின்பக்கமும் உள்ள சன்னல்களிலிருந்தும் ஓரக் கூடங்களிலிருந்தும் வரும். நின்று பார்க்கச் சிற்பம் ஒன்றுகூட இல்லாததால், பொழுது ஏற ஏறக் கல்மேல் நகரும் வெளிச்சத்தைத்தான் கண் பார்த்துக்கொண்டிருக்கும்.

தெற்கே புரோவான்ஸில் செனாங்க், சில்வகான், தொரோனே என்று மூன்று மடங்கள். 'மூன்று சகோதரிகள்' என்பார்கள். தொரோனே கோயிலில் எதிரொலி அவ்வளவு நீளம். அவசரமாகப் பாடினால் ஒரு சுரம்மேல் இன்னொன்று விழுந்து குழம்பிவிடும். அடக்கி, நிதானமாகப் பாடினால்தான் சரிப்படும். இருபதாம் நூற்றாண்டுக் கட்டடக் கலைஞர் ல கொர்பூசியே, லா தூரெத் மடத்தை வடிவமைக்கும் முன் 1953இல் போய்ப் பார்த்த இடம் இது. செக் நாட்டில் 2004இல் அர்ப்பணிக்கப்பட்ட நோவி த்வூர் மடத்தை ஜான் பாசன் வடிவமைத்தார். நவீன எளிமைப் பாணியின் பெயர்பெற்ற கலைஞர் ஒருவரிடம் இந்தச் சபையே மடம் கட்டச் சொன்னது சும்மா நடந்ததல்ல. இசையிலும் இதே கதைதான். திருப்பாடல்களில் 'பத்து நரம்பு வீணை' என்று வருகிறது என்பதைக் காரணம் காட்டி, ஒரு பாடல் பத்துச் சுரங்களுக்குள் அடங்க வேண்டும் என்று பழைய பாடல்களையே வெட்டித் திருத்தினார்கள்.

ஆனால் எல்லாத் தடையும் நன்மையில் முடியவில்லை. ஹார்டிங் காலத்தில் சீத்தோவில் எழுதிய சுவடிகள் இப்போது திஜோன் நகர நூலகத்தில் இருக்கின்றன. விவிலியத்தின் யோபு ஆகமத்துக்குத் திருத்தந்தை கிரகோரியார் எழுதிய விளக்கவுரையின் படி ஒன்று, 1111இல் முடிந்தது. அதன் முதலெழுத்துகளைப் பார்த்தால் மடத்து வாழ்க்கையே ஓடுகிறது. ஓரிடத்தில் இரண்டு துறவிகள் மரக்கட்டையைப் பிளக்கிறார்கள். அவர்கள் உடலும் கட்டையும் சேர்ந்தே எழுத்தாகிவிடுகிறது. இன்னோரிடத்தில் நெடிய மரமே எழுத்து. கீழே ஒருவர் கோடரியால் வெட்ட, மேலே ஒருவர் கிளை கழிக்கிறார். கதிர் அறுப்பவர், திராட்சை பறிப்பவர் எல்லாரும் உண்டு. துறவியின் அங்கி கிழிந்து தொங்குவதைக்கூட வரைந்தவர் விடவில்லை. அந்தக் கை யாருடையது என்று பெயர் இல்லை. ஹார்டிங் தன் விவிலியப் பிரதியைத் திருத்தும்போது யூத அறிஞர்களை அழைத்து, எபிரேய மூலத்தில் எப்படி இருக்கிறது என்று கேட்டு, மூலத்தில் இல்லாத வரிகளைச் சுரண்டி எடுத்தார். இப்படிப்பட்ட எழுத்துக்கூடம் நடந்த சபையில், அந்த நூற்றாண்டின் நடுவிலேயே 'எழுத்து ஒரே நிறத்தில் இருக்க வேண்டும், படம் கூடாது' என்று விதி வந்துவிட்டது. பெர்நார்தின் கண்டிப்பு கட்டடத்துக்கு நல்லதைச் செய்தது. புத்தகத்துக்குச் செய்தது கெடுதல் என்றே நினைக்கிறேன்.

அடுத்து, பொருளாதாரம். வரியும் குத்தகையும் வேண்டாம் என்றால் சோற்றுக்கு வழி? நிலத்தில் தாங்களே இறங்க வேண்டும். ஆனால் பகலும் இரவும் பல வேளை கோயிலில் கூடிப் பாட வேண்டியவர்கள் தொலைவில் உள்ள வயலுக்குப் போய்வர முடியாது. அதற்காக உழைப்புச் சகோதரர்கள் என்று ஒரு பிரிவைப் பெரிய அளவில் சேர்த்துக்கொண்டார்கள். பெரும்பாலும் எழுத்தறிவில்லாத குடியானவர்கள். அவர்களுக்கும் துறவு வாக்குறுதி உண்டு, தாடி உண்டு. மடத்தின் முடிவுகளில் குரல் கிடையாது. தனித் தங்குமிடம், தனி உணவுக்கூடம், கோயிலில்கூடத் தனிப் பகுதி. மடத்திலிருந்து ஒரு நாள் நடைக்குள் இருக்கும் பண்ணைகளில் தங்கி உழுதது, ஆடு மேய்த்தது, உலை ஊதியது எல்லாம் இவர்கள்தான். சிஸ்டெர்சியன் சாதனை என்று நாம் புகழும்போது பாராட்டு முழுவதும் வெள்ளை அங்கிக்கே போய்விடுகிறது. ஆங்காங்கே இவர்கள் கலகம் செய்ததும் பதிவாகியிருக்கிறது.

தண்ணீரை இவர்கள் கையாண்ட விதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கிளேர்வோ மடத்தைப் பற்றிப் பெயர் தெரியாத ஒருவர் எழுதிய இடைக்கால வருணனை ஒன்று இருக்கிறது. ஓப் ஆற்றின் கிளை மடத்துக்குள் நுழைவதிலிருந்து தொடங்கி, அதன் பின்னாலேயே ஒவ்வொரு கட்டடமாக நடக்கிறார். மதில்சுவர் காவல்காரன் மாதிரி நின்று விடுகிற அளவு தண்ணீர் உள்ளே வருகிறது. முதலில் மாவு ஆலை: கல்லைச் சுழற்றி, சல்லடையை ஆட்டித் தவிட்டையும் பிரித்துத் தருகிறது. அங்கிருந்து காய்ச்சும் கொப்பரைக்கு. திராட்சை விளைச்சல் பொய்த்த வருடத்தில் பீருக்காக. அப்புறம் கம்பளித் துணியை அடித்து இறுக்கும் இடம். அங்கே கனமான மரச் சம்மட்டிகளைத் தண்ணீரே தூக்கிப் போடுகிறது. காலால் துணி மிதிப்பவர்கள் பாவத்துக்குக் கிடைக்க வேண்டிய தண்டனையை ஆறு தள்ளுபடி செய்துவிட்டது என்று மனிதர் சிரிக்கவும் வைக்கிறார். பிறகு தோல் பதனிடும் கூடம். கடைசியில் சின்னச் சின்ன வாய்க்கால்களாகப் பிரிந்து சமையல், துவைத்தல், தோட்டம் என்று எல்லாவற்றுக்கும் ஓடி, மடத்தின் குப்பைகளையும் அடித்துக்கொண்டு வெளியேறுகிறது. இப்படி ஆற்றை ஓர் ஊழியனாக நினைத்து, நன்றியோடு எழுதிய பக்கங்கள் அந்தக் காலத்தில் வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை.

இதைவைத்து, தொழிற்புரட்சியை இவர்கள் தொடங்கிவிட்டார்கள் என்று சொல்லலாமா? சொல்ல மாட்டேன். தண்ணீர்ச் சக்கரம் ரோமானியர் காலத்தது. கம்பளி அடிக்கும் ஆலையும் இவர்களுக்கு முன்பே உண்டு. ஃபோன்த்னேயில் 53 மீட்டர் நீளத்தில் ஒரு கொல்லுப்பட்டறை இன்றும் நிற்கிறது. தண்ணீரால் இயங்கும் சம்மட்டி அங்கே இருந்தது. பெரிய விஷயம்தான், ஆனால் அதுவும் இவர்கள் கண்டுபிடிப்பு அல்ல. ஹென்றி மன்னர் பற்றிய பேச்சு, இங்கிலாந்தின் யார்க்‌ஷரில் ரீவோ மடத்தின் பண்ணை ஒன்றில் கிடைத்த, இரும்பு உருக்குவதில் இவர்கள் முன்னேறியிருந்தார்கள் என்று காட்டுவதாகச் சொல்லப்பட்ட கசடை வைத்துக் கிளம்பியது. ஓர் இடத்துக் கசடிலிருந்து ஒரு நாட்டின் வரலாற்றுக்கே தாவுவது ரொம்பத் தூரத் தாவல். இவர்களால் முடிந்தது பரப்புவது. ஆண்டுதோறும் சீத்தோவில் கூடும் தலைவர்களோடும், தாய் மடத்துக்கும் கிளை மடத்துக்கும் இடையே நடந்தவர்களோடும் கட்டுமான முறையும் நீர்ப்பாசன அறிவும் ஐரோப்பா முழுக்கப் போய்ச் சேர்ந்தன. 'காட்டை அழித்துக் கழனியாக்கினார்கள்' என்ற கதையிலும் கொஞ்சம் தண்ணீர் கலந்திருக்கிறது. பல மடங்களின் நிலப் பத்திரங்களைப் பார்த்தால், ஏற்கெனவே பயிர் நடந்த நிலங்களை வாங்கியும் தானமாகப் பெற்றும் ஒன்றுசேர்த்தது தெரிகிறது. தனிமை வேண்டும் என்பதற்காகக் குடியிருந்த கிராமங்களைக் காலி செய்ததும் நடந்தது. 12ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் வால்டர் மேப் இதற்காக இவர்களைக் கிழிகிழியென்று கிழித்திருக்கிறார். அவருக்கு இவர்களைக் கண்டாலே ஆகாது என்பதால் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் விஷயம் பொய்யில்லை.

பணம் வந்தது கம்பளியில். யார்க்‌ஷரில் 1132இல் தொடங்கிய ரீவோவும் ஃபவுண்டன்சும் சில தலைமுறைகளில் பெரும் ஆட்டு மந்தைகளை வளர்த்தன. இத்தாலிய வணிகர்கள் வருங்கால வருடங்களின் கம்பளிக்கு இப்போதே பணம் கொடுத்து ஒப்பந்தம் போட்டார்கள். ஆட்டுக்கு நோய் வந்த வருடங்களில் அதே ஒப்பந்தம் மடங்களைக் கடனில் தள்ளியது. சிறைப்பட்ட ரிச்சர்ட் மன்னரை மீட்க 1193இல் இங்கிலாந்து பணம் திரட்டியபோது, சிஸ்டெர்சியன்களின் அந்த வருடத்துக் கம்பளி முழுவதையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். உடைமை வேண்டாம் என்று நூறு வருடத்துக்கு முன் சதுப்புக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள், மன்னரை மீட்கும் அளவுக்கு வைத்திருந்தார்கள்!

திராட்சையும் அப்படித்தான். சீத்தோவுக்குப் பக்கத்திலுள்ள வூஜோவில் துண்டு துண்டாக நிலம் சேர்த்து, 14ஆம் நூற்றாண்டில் சுற்றுச்சுவர் எழுப்பி முடித்த தோட்டம் சுமார் 50 ஹெக்டேர். அந்தச் சுவர் இன்றும் இருக்கிறது. உள்ளே சுமார் 80 பேருக்குப் பங்கு. எந்தத் துண்டு நிலத்தில் எந்த மாதிரி மது வரும் என்று துறவிகள் தலைமுறை தலைமுறையாகக் கவனித்தது, பர்கண்டியில் வயலுக்கு வயல் பெயர் வைத்து மது விற்கும் வழக்கத்துக்கு ஒரு முக்கிய வேர். மண்ணை வாயில் போட்டுச் சுவைத்தே தேர்ந்தெடுத்தார்கள் என்பது சுற்றுலா வழிகாட்டிகள் சொல்லும் கதை.

இடையில் ஒரு சின்ன விஷயம், எனக்குப் பிடித்தது. 13ஆம் நூற்றாண்டில் இந்தத் துறவிகள் 1 முதல் 9999 வரை எந்த எண்ணையும் ஒரே குறியால் எழுதினார்கள். நெட்டுக்குத்தாக ஒரு கோடு. அதன் வலது மேல்மூலையில் ஒன்றுகள், இடது மேல்மூலையில் பத்துகள், வலது கீழ்மூலையில் நூறுகள், இடது கீழ்மூலையில் ஆயிரங்கள். 1111 என்று எழுதினால் மேலும் கீழும் குறுக்குக்கோடு போட்ட ஒரு தூண் மாதிரி இருக்கும். கூட்டல் கழித்தலுக்கு உதவாது. சுவடிப் பக்கத்துக்கு எண் போட, ஆண்டு குறிக்கத் தோதாக இருந்தது. பின்னால் ஃபிளாண்டர்ஸில் (இன்றைய பெல்ஜியப் பகுதி) மதுப் பீப்பாய் அளப்பவர்கள்வரை அது போய்ச் சேர்ந்தது.

கறையையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 1146இல் வெஸ்லேயில் இரண்டாம் சிலுவைப் போருக்கு ஆள் திரட்டி முழங்கியவர் பெர்நார்து. அந்தப் போர் படுதோல்வி. அதே சமயம் ரைன் பகுதியில் யூதர்களைக் கொல்லத் தூண்டிக்கொண்டிருந்த ராதுல்ஃப் என்ற துறவியை நேரில் போய் அடக்கியவரும் அவரே. 1209இல் தெற்கு பிரான்சின் பெசியே நகரில் நடந்த படுகொலையின்போது, திருச்சபைக்கு மாறான நம்பிக்கை கொண்ட கத்தார்களுக்கு எதிரான சிலுவைப் படையை வழிநடத்திய திருத்தந்தையின் தூதர் அர்னோ அமல்ரிக், அப்போதைய சீத்தோ மடத்தின் தலைவர். 'எல்லாரையும் கொல்லுங்கள், தன் ஆட்களை ஆண்டவர் அறிவார்' என்று அவர் சொன்னதாகப் பிரபலமான வாக்கியத்தை எழுதிவைத்தவரும் ஒரு சிஸ்டெர்சியன்தான்: ஹைஸ்டர்பாக் மடத்தின் சீசேரியஸ். அவரே 'சொன்னாராம்' என்றுதான் எழுதுகிறார்.

13ஆம் நூற்றாண்டில் வரி, குத்தகை எல்லாம் திரும்ப வந்துவிட்டன. உழைப்புச் சகோதரர்களாகச் சேர ஆள் குறைந்தது. 14ஆம் நூற்றாண்டின் கொள்ளைநோய் மிச்சத்தையும் கொண்டுபோனது. இங்கிலாந்து மடங்களை 1536 முதல் 1540க்குள் எட்டாம் ஹென்றி மூடினார். பிரான்சில் புரட்சி மூடியது. ஃபோன்த்னே காகித ஆலை ஆனது. பெர்நார்தின் கிளேர்வோவை நெப்போலியன் சிறைச்சாலையாக்கினார். 2023இல்தான் அந்தச் சிறை மூடப்பட்டது.

இப்போதும் இருக்கிறார்களா என்றால், இருக்கிறார்கள், இரண்டு கிளைகளாக: பழைய பெயரிலேயே தொடரும் சிஸ்டெர்சியன் சபை ஒன்று, ட்ராப்பிஸ்டுகள் இன்னொன்று. 17ஆம் நூற்றாண்டில் லா த்ராப் மடத்தில் தெ ரான்சே கொண்டுவந்த கடும் சீர்திருத்தத்திலிருந்து வந்தவர்கள் ட்ராப்பிஸ்டுகள். 1892இல் தனிச் சபை ஆனார்கள். 1898இல் சீத்தோவும் இவர்கள் கைக்கு வந்தது. நீங்கள் கேள்விப்பட்ட பீர் இவர்களுடையது. மடத்து வளாகத்துக்குள், துறவிகளின் மேற்பார்வையில் காய்ச்ச வேண்டும். வருமானம் மடத்தின் செலவுக்கும் தர்மத்துக்கும் போக வேண்டும். அப்படி இருந்தால்தான் ட்ராப்பிஸ்ட் முத்திரை. பெல்ஜியத்தின் வெஸ்ட்மாலே, ஓர்வால், ஷிமே எல்லாம் இந்த வகை.

ஷிமே காய்ச்சும் ஸ்கூர்மோன் மடத்திலிருந்து வந்த பிரான்சிஸ் மஹியூ என்ற பெல்ஜியத் துறவிதான், 1958இல் பெனடிக்ட் சபைத் துறவி பீட் கிரிஃபித்ஸோடு சேர்ந்து கேரளத்து வாகமண் மலையில் குரிசுமலை ஆசிரமத்தைத் தொடங்கியவர். அங்கே பீர் இல்லை. காவி உடை, சைவச் சாப்பாடு, சிரியன் முறை வழிபாடு, பிழைப்புக்கு மாட்டுப் பண்ணை. 1998இல் அது முறைப்படி ட்ராப்பிஸ்ட் சபையில் சேர்ந்தது. கிரிஃபித்ஸ் 1968இல் அங்கிருந்து கிளம்பிக் குளித்தலைக்குப் பக்கத்திலுள்ள சாந்திவனம் ஆசிரமத்தின் பொறுப்பை ஏற்றார். அதையும் சிஸ்டெர்சியன் மடம் என்று சிலர் எழுதுகிறார்கள். அது பெனடிக்ட் மரபின் கமால்தோலி கிளையைச் சேர்ந்தது.